வடகிழக்குப் பருவமழையை ஆராய்வது எப்படி: வட்டாரக் காலநிலைத் தரவுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஒரு மாவட்டத்தின் மழை இன்னும் முப்பது ஆண்டுகளில் எப்படி மாறும் என்று அறிய விரும்புபவருக்கு இன்று தரவுப் பஞ்சம் இல்லை. உலகின் பெரிய ஆய்வு மையங்கள் உருவாக்கிய, வளிமண்டலத்தையும் கடலையும் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் காலநிலை மாதிரிகளின் வெளியீடுகளை எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம். பைதானிலோ ஆர் மொழியிலோ இருபது வரி நிரல் எழுதினால் நிறம் தீட்டிய வரைபடமும் அதன்கீழ் ஒரு சதவீதமும் வந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 'மழை 12 சதவீதம் கூடும்' என்பது போன்ற ஒற்றை எண், வடிகாலின் அகலத்தையோ ஏரிக் கலங்கலின் உயரத்தையோ முடிவு செய்யும் பொறியாளரின் மேசையை அடைந்துவிட்டால், அது எந்த மாதிரியிலிருந்து எந்த ஊகங்களோடு வந்தது என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை. ஆகவே எண்ணையும் அதன் நிச்சயமின்மையையும் பிரிக்காமல் சேர்த்தே கணக்கிடப் பழகுவதுதான் இத்துறைக்குப் புதிதாக வருபவரின் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

இவ்வழிகாட்டி தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 920 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 440 மில்லிமீட்டர் அளவு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. ஆனால் எந்த ஓர் ஆண்டும் இந்தச் சராசரிப்படி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாகிச் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டே பருவம் முழுவதிலும் மாநிலச் சராசரி 170 மில்லிமீட்டரைக்கூட எட்டாமல் 62 சதவீதப் பற்றாக்குறையோடு முடிந்தது. இவ்வளவு ஏறி இறங்கும் ஒரு பருவத்தைக் கொண்டு கற்றுக்கொண்டால், மற்ற இடங்களின் தரவு எளிதாகவே தோன்றும்.

முதலில் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

தரவைத் தேடுவதற்கு முன், உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'தமிழ்நாட்டில் மழை மாறுமா?' என்பது கேள்வியே அல்ல. '1985 முதல் 2014 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், 2041 முதல் 2070 வரையிலான காலத்தில் காவிரிப் படுகை மாவட்டங்களில் அக்டோபர்–டிசம்பர் மொத்த மழையின் சராசரி எவ்வளவு மாறும்?' என்பதுதான் கணக்கிடக்கூடிய கேள்வி. இதில் இடம், பருவம், அளவு, அடிப்படைக் காலம், எதிர்காலம் ஆகிய ஐந்தும் இருக்கின்றன. அடிப்படைக் காலத்தை 2014-இல் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு: சிமிப் 6 என்னும் ஆறாம் தலைமுறை உலக மாதிரித் தொகுப்பில் கடந்தகால ஓட்டங்கள் (மாதிரியை ஒருமுறை கணினியில் இயக்கிப் பெறுவது ஓர் ஓட்டம்) 2014 வரைதான் செல்கின்றன, அதற்குப் பிந்தைய ஆண்டுகள் உமிழ்வுப் பாதைகளைப் (பசுமை இல்ல வாயுக்கள் இனி எவ்வளவு வெளியேறும் என்ற ஊகங்களைப்) பொறுத்த எதிர்காலக் கணிப்புகள்.

பருவத்தின் வரையறையிலும் கவனம் வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். இலங்கையிலோ அக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாம் இடைப்பருவம் என்றும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவம் என்றும் வகுக்கப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் ஒரே அட்டவணையில் வைக்கும் ஆய்வில் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால், ஒரே மேகக்கூட்டம் தந்த மழை இரண்டு பருவங்களின் கணக்கில் பிரிந்து கிடக்கும்.

மாதிரிக்கு முன் அளந்த மழை

புதியவர்கள் பெரும்பாலும் எதிர்காலத் தரவையே முதலில் திறக்கிறார்கள். அந்த ஆவல் புரிகிறது. ஆனால் வரிசை தவறு. உங்கள் பகுதியில் உண்மையில் பெய்த மழையோடு சில வாரங்களாவது பழகிய பிறகே மாதிரியைத் தொடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம், 1901 முதலான நாள் மழையை 0.25 டிகிரி கட்டங்களாக வழங்குகிறது. தமிழ்நாட்டின் அட்சக்கோட்டில் ஒரு கட்டம் சுமார் 27 கிலோமீட்டர் அகலம் கொண்டது. மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 170 கட்டங்களில் அடங்கிவிடும்.

இந்தக் கட்டத் தரவு நேரடியாக அளந்ததன்று, மழைமானிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் கணக்கால் நிரப்பியது என்பதை எப்போதும் நினைவில் வைத்திருங்கள். நாடு முழுவதற்குமாக 6,955 மழைமானிகளின் பதிவுகள் இதில் பயன்பட்டிருந்தாலும், அவை அனைத்தும் எல்லா ஆண்டுகளிலும் இயங்கியவை அல்ல. ஒரு கட்டத்துக்குள் முன்பு ஒரு மானி இருந்து பிறகு நான்கு மானிகள் வந்திருந்தால், மழையில் மாற்றமே இல்லாமல் அக்கட்டத்தின் உச்ச மழை குறைந்ததுபோலத் தோன்றும். ஏனென்றால் பல இடங்களின் சராசரி எப்போதும் உச்சத்தை மழுங்கடிக்கும். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஒரே கட்டத்தின் பரப்புக்குள் அடங்கிவிடும் தொலைவில் 26 சென்டிமீட்டர் வேறுபாடு இருக்கும்போது, கட்டத்தின் மதிப்பை ஓர் ஊரின் மழையென்று எழுதுவது பிழை. உச்ச மழையின் போக்கை ஆராய்பவர்கள், இடைவெளியின்றி நீண்ட காலம் இயங்கிய தனி நிலையங்களின் பதிவையும் கட்டாயம் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வகையில் சென்னை பேறு பெற்ற ஊர். அங்கே 1813 முதலான மழைப் பதிவுகள் உள்ளன.

ஒரே ஒரு அளவைத் தரவோடு நின்றுவிடவும் வேண்டாம். செயற்கைக்கோள் படங்களையும் நிலைய அளவுகளையும் கலந்து உருவாக்கிய சிர்ப்ஸ் தரவு 1981 முதல் 0.05 டிகிரி நுணுக்கத்தில் கிடைக்கிறது. ஐரோப்பிய வானிலை மையத்தின் இஆர்ஏ5 மறுபகுப்பாய்வு (பழைய வானிலை அளவுகளை ஒரு மாதிரியோடு இணைத்து மீளக் கட்டிய தரவு) 1940 முதல் மணிக்கு மணி விவரம் தருகிறது; ஆனால் அதன் மழை அளக்கப்பட்டதன்று, முன்கணிப்பு மாதிரி கணக்கிட்டுச் சொல்வது. மூன்றிலும் உங்கள் பகுதியின் பருவ மழையைக் கணக்கிட்டு ஒரே வரைபடத்தில் வரைந்து பாருங்கள். அவற்றுக்கிடையே தெரியும் வேறுபாடுதான் நீங்கள் சந்திக்கும் முதல் நிச்சயமின்மை. கடந்த காலத்தைக்கூட நாம் ஓர் அளவுக்குமேல் துல்லியமாக அறியவில்லை என்பதை அது காட்டும்.

போக்கைக் கணக்கிட, அது தற்செயலா என்று பார்க்கும் மான்–கெண்டால் சோதனையும், ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் சென் சாய்வும் பரவலாகப் பயன்படுகின்றன. அவற்றைச் செய்யுங்கள், ஆனால் தொடக்க ஆண்டையும் இறுதி ஆண்டையும் சில ஆண்டுகள் நகர்த்தி மீண்டும் செய்யுங்கள். வெள்ளம் வந்த 2015-இல் முடியும் குறுகிய தொடரும், வறண்ட 2016-இல் முடியும் குறுகிய தொடரும் வேறு வேறு கதைகளைச் சொல்லக்கூடும். ஓராண்டை நகர்த்தியதும் மறைந்துவிடும் போக்கைப் போக்கு என்று அழைக்கலாகாது.

அலகு, நாள், கட்டம்

இந்தப் பகுதி சலிப்பூட்டும். ஆனால் நான் கண்ட தவறான முடிவுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறந்தது. சிமிப் மாதிரிகளில் மழை, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை கிலோகிராம் என்ற அலகில் இருக்கும். அதை 86,400-ஆல் பெருக்கினால்தான் நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வரும். இஆர்ஏ5 மழையை மீட்டரில் தருகிறது. வெப்பநிலை கெல்வினில் இருக்கும். இந்திய வானிலைத் துறையின் மழைக் கோப்பில் தரவு இல்லாத இடம் -999 என்றும், வெப்பநிலைக் கோப்பில் 99.9 என்றும் குறிக்கப்பட்டிருக்கும்; இவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் மழை எதிர்மறையாகும், வெப்பநிலை எரியும். சில கோப்புகளில் அட்சக்கோடு தெற்கிலிருந்து வடக்காகவும், இஆர்ஏ5 போன்றவற்றில் வடக்கிலிருந்து தெற்காகவும் வரிசைப்பட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் '8 முதல் 13.5 வரை' என்று வெட்டினால் வெறுமையான கோப்புதான் மிஞ்சும்.

நாள்காட்டியும் பொறி வைக்கும். சில மாதிரிகளில் லீப் ஆண்டே கிடையாது. பிரிட்டிஷ் மாதிரிகளில் ஒவ்வொரு மாதமும் முப்பது நாள், ஆண்டுக்கு 360 நாள். அவற்றில் டிசம்பர் 31-ஐத் தேடும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும், அல்லது பிழை காட்டாமலேயே தவறாகக் கணக்கிடும்; இரண்டாவதுதான் ஆபத்தானது. மேலும் இந்தியாவில் நாள் மழை என்பது காலை 8.30 மணிக்கு அளக்கப்பட்டு, முந்தைய 24 மணி நேரத்தின் மழை அன்றைய தேதியில் எழுதப்படுவது. டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் பெய்தது டிசம்பர் 2 என்ற தேதியில் இருக்கும். இஆர்ஏ5-இன் மணிநேர மழையை இந்தியக் கணக்கோடு ஒப்பிட, முதல் நாள் 8.30 முதல் மறுநாள் 8.30 வரை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டங்களை ஒன்றுக்கொன்று பொருத்தும்போது மழைக்கு, பரப்பின் மொத்த மழையை மாறாமல் காக்கும் முறையையும், வெப்பநிலைக்கு, சுற்றியுள்ள நான்கு புள்ளிகளிலிருந்து மதிப்பிடும் இருநேர்கோட்டு இடைமதிப்பு முறையையும் பயன்படுத்துங்கள். நுண்ணிய தரவை மாதிரியின் பெரிய கட்டத்துக்கு மாற்றி ஒப்பிடுவதே நேர்மை; மாதிரியை நுண்ணிய கட்டத்துக்கு இழுத்தால் படம் அழகாகுமே தவிர, புதிய செய்தி எதுவும் சேராது.

மாதிரி நம் பருவத்தை அறியுமா?

உலகளாவிய மாதிரிகள் பலவற்றின் கட்டம் சுமார் 100 கிலோமீட்டர் அகலம் கொண்டது. அந்த அளவில் தமிழ்நாடு பத்துப் பன்னிரண்டு கட்டங்கள்தான். மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்த மேடாகத் தேய்ந்துவிடுகிறது. அதனால் மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பகுதியாக இருக்கும் கோயம்புத்தூருக்கும் மேற்கே நனையும் பாலக்காட்டுக்கும் இடையிலான வேறுபாடு மங்குகிறது. கடற்கரையூரின் கட்டத்தை அம்மாதிரி கடலென்றே எண்ணியிருக்கவும் கூடும். ஆகவே நிலக் கடல் எல்லைக் கோப்பைத் திறந்து, நீங்கள் எடுத்த கட்டங்கள் நிலம்தானா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து ஆண்டுச் சுழற்சியை வரையுங்கள். இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஜூலையில் மழை உச்சம். தமிழ்நாட்டின் கடற்கரைக்கு அக்டோபர், நவம்பரில். இந்தியச் சராசரியை நன்றாகக் காட்டும் ஒரு மாதிரி, தமிழ்நாட்டிலும் ஜூலையில் கொட்டித் தீர்த்துவிட்டு நவம்பரை வறளவிட்டிருந்தால், அது நம் பருவத்தின் இயக்கத்தையே பிடிக்கவில்லை. அத்தகைய மாதிரியை ஒதுக்குவது நியாயம். ஆனால் ஒதுக்கும் விதியை எதிர்கால முடிவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். விரும்பிய முடிவைத் தராத மாதிரிகளைப் பின்னர் கழிப்பது ஆய்வன்று.

இன்னொரு நுட்பமான சோதனையும் உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பொதுவாக நலிகிறது, வடகிழக்குப் பருவமழையோ வலுக்கிறது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு. மாதிரிக்குள்ளும் இந்த எதிரெதிர் உறவு தென்படுகிறதா என்று பாருங்கள். சராசரி மழையைப் பொருத்தமாகக் காட்டும் மாதிரி அதைத் தவறான காரணத்தால் காட்டியிருக்கலாம். உறவுகளைச் சோதிக்கும்போது அது வெளிப்பட்டுவிடும்.

நிச்சயமின்மை எங்கிருந்து வருகிறது

எதிர்காலக் கணிப்பின் நிச்சயமின்மையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறையை எட் ஹாக்கின்ஸ், ரோவன் சட்டன் ஆகியோர் 2009-இல் தெளிவாக வகுத்தார்கள். மனிதர் எவ்வளவு உமிழப் போகிறோம் என்பது ஒன்று. அந்த உமிழ்வுக்கு மாதிரிகள் வேறு வேறு விதமாக எதிர்வினை காட்டுவது மற்றொன்று. எந்தத் தூண்டுதலும் இல்லாமலே வளிமண்டலமும் கடலும் தாமாக ஆடும் உள்ளார்ந்த மாறுபாடு மூன்றாவது. புதியவர்கள் முதலாவதையே பெரிதாக நினைப்பார்கள். வட்டார மழைக்கு, அதுவும் வரும் சில பதிற்றாண்டுகளுக்கு, பின்னிரண்டும்தான் பெரியவை.

மூன்றாவதன் வலிமையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். பருவச் சராசரி 440 மில்லிமீட்டர், ஆண்டுக்காண்டு திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து ஆண்டுகள் வழக்கமாக விலகும் அளவு) 120 மில்லிமீட்டர் என வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுச் சராசரியின் பிழையளவு, 120-ஐ முப்பதின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். இரண்டு முப்பதாண்டுச் சராசரிகளின் வேறுபாட்டுக்கு அது 31 மில்லிமீட்டராகும், அதாவது சராசரியில் 7 சதவீதம். 95 சதவீத நம்பகத்துக்கு அதை இருமடங்காக்கினால் 14 சதவீதம். பொருள் என்னவென்றால், காலநிலை கொஞ்சமும் மாறாத ஓர் உலகில்கூட இரு முப்பதாண்டுகளுக்கிடையே 10 சதவீத வேறுபாடு தற்செயலாகவே வந்துவிட முடியும். ஒரு மாதிரியின் ஒரே ஓட்டத்திலிருந்து எடுத்த '10 சதவீதக் கூடுதல்' எதையும் நிறுவவில்லை. உங்கள் பகுதியின் சொந்தத் திட்ட விலக்கத்தை வைத்து இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். மாவட்ட அளவில் விலக்கம் இன்னும் கூடும், எல்லை இன்னும் விரியும்.

இதற்கு மருந்து, ஒரே மாதிரியைத் தொடக்க நிலையில் மட்டும் மிகச் சிறிது மாற்றிப் பலமுறை ஓட்டிய பெருந்தொகுப்புகள். அமெரிக்காவின் சிஇஎஸ்எம்2 மாதிரியில் இவ்வாறு 100 ஓட்டங்கள் கிடைக்கின்றன. அந்த 100 ஓட்டங்களும் ஒரே இயற்பியலைக் கொண்டவை; ஆனால் காட்டுத்தீ போன்ற எரிப்பின் உமிழ்வு ஐம்பது ஐம்பதாக இரு வகையில் தரப்பட்டிருப்பதால், ஒரே வகையைச் சேர்ந்த 50 ஓட்டங்களை மட்டும் சேர்த்து எடுங்கள். ஆகவே அவற்றின் சிதறல் முழுவதும் உள்ளார்ந்த மாறுபாடுதான். வெவ்வேறு மாதிரிகளின் சிதறலிலிருந்து இதைக் கழித்தறிந்தால் மாதிரிகளுக்கிடையிலான உண்மையான வேறுபாடு தெரியும்.

மாதிரி வேறுபாட்டில் இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, மாதிரிகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. பல மையங்கள் ஒரே கடல் நிரலையோ ஒரே மேக நிரலையோ பகிர்ந்துகொள்கின்றன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து மாதிரிகள் ஒத்த விடை தருவதை ஐந்து தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. இரண்டாவது, கார்பன் டைஆக்சைடு இரட்டிப்பானால் உலகம் நீண்ட காலத்தில் எவ்வளவு சூடாகும் என்பதற்கு, ஐநாவின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவான ஐபிசிசி 2021-இல் வெளியிட்ட ஆறாம் மதிப்பீடு 2.5 முதல் 4 டிகிரி வரை என்ற வீச்சைச் சாத்தியமானதாகக் கூற, சிமிப் 6 மாதிரிகளில் சில 5 டிகிரிக்கும் மேல் செல்கின்றன. எல்லா மாதிரிகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இந்த அதிவெப்ப மாதிரிகள் விடையை இழுத்துவிடும். இதைத் தவிர்க்க நல்ல வழி, '2050-இல் என்ன நடக்கும்' என்று கேட்பதற்குப் பதிலாக 'உலகம் 2 டிகிரி சூடான நிலையில் நம் பருவமழை எப்படி இருக்கும்' என்று கேட்பது. ஒவ்வொரு மாதிரியிலும் அந்த வெப்ப அளவு எட்டப்படும் இருபதாண்டை எடுத்து ஒப்பிடலாம்.

எஸ்எஸ்பி என்று பெயரிட்டு எண்ணிடப்பட்ட உமிழ்வுப் பாதைகளில் எஸ்எஸ்பி 5-8.5 ஒன்றையே எடுத்துக்கொண்டு அதை 'வழக்கம்போலச் சென்றால்' என்று பெயரிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அது மிக உயர்ந்த எல்லை. எஸ்எஸ்பி 2-4.5, 3-7.0 இரண்டையும் சேர்த்துக் காட்டுவது பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 3-7.0 பாதையில் காற்றிலுள்ள தூசுப்படல மாசும் அதிகம். அது தெற்காசிய மழையைத் தனியே பாதிப்பதால், இரு பாதைகளின் வேறுபாடு முழுவதும் பசுமை இல்ல வாயுக்களால் வந்ததாகாது.

பிழைதிருத்தமும் அதன் எல்லையும்

மாதிரி மழை பெரும்பாலும் தூறலாகப் பல நாட்கள் பரவிக் கிடக்கும். கனமழை குறைவாக இருக்கும். இதைச் சரிசெய்ய, மாதிரியின் ஒவ்வொரு சதமானத்தையும் (மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நூற்றில் எத்தனையாவது இடம் என்பது) அளந்த மழையின் அதே சதமானத்தோடு பொருத்தும் முறை வழக்கத்தில் உள்ளது. பயனுள்ளதுதான், ஆனால் அது மாதிரி காட்டும் மாற்றத்தின் அளவையே சிதைத்துவிடக்கூடும். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் மாற்றத்தின் சதவீதத்தைக் கணக்கிட்டு இரண்டையும் வெளியிடுங்கள். நவம்பரில் மழையே தராத மாதிரியை எந்தத் திருத்தமும் காப்பாற்றாது. உலக மாதிரியின் வெளியீட்டை எல்லையில் வாங்கித் தெற்காசியாவை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிடும் கார்டெக்ஸ் தொகுப்பின் 50, 25 கிலோமீட்டர் வட்டார மாதிரிகளுக்கும் இது பொருந்தும்: மலையையும் கரையையும் அவை நன்றாகக் காட்டும், ஆனால் வங்கக்கடலின் வெப்பத்தையும் காற்றையும் எல்லையில் ஊட்டும் உலக மாதிரியின் பிழையை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

முடிவை எழுதும்போது

சராசரியை மட்டும் எழுதாமல், மாதிரிகளின் 10-ஆம், 50-ஆம், 90-ஆம் சதமானங்களை எழுதுங்கள். எத்தனை மாதிரிகள், எத்தனை ஓட்டங்கள் என்பதையும் சேருங்கள். கூடுதலா குறைவா என்பதில் 80 சதவீத மாதிரிகளாவது ஒத்துப்போகின்றனவா என்று ஐபிசிசி பார்ப்பதுபோல நீங்களும் பாருங்கள், ஆனால் அந்த 80-ஐ நிகழ்தகவு என்று எழுதிவிடாதீர்கள்; மாதிரிகளின் எண்ணிக்கை வேறு, நிகழக்கூடிய வாய்ப்பு வேறு. வெப்பநிலை பற்றிய முடிவை மழை பற்றியதைவிட உறுதியான சொற்களில் எழுதலாம், ஏனெனில் அதன் ஆண்டு மாறுபாடு சிறியது, போக்கு பெரியது. பருவ மொத்தம் கூடும் என்பதைவிட, ஒருநாள் உச்ச மழை கூடும் என்பதற்கு இயற்பியல் ஆதாரம் வலுவானது. ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைக் காற்று தாங்கும். இந்த இரண்டையும் ஒரே பத்தியில் ஒரே தொனியில் எழுதினால் படிப்பவர் குழம்புவார்.

வடிகால் வடிவமைப்பவரிடம் பேசும்போது வீச்சின் மேல் முனையையும், ஏரிப் பாசனத்தைத் திட்டமிடுபவரிடம் கீழ் முனையையும் எடுத்துச் சொல்லுங்கள். 50-ஆம் சதமானம் இருவருக்குமே பயன்படுவது அரிது. கடைசியாக, ஒவ்வொரு கோப்பையும் தரவிறக்கிய தேதி, பதிப்பு எண், ஓட்டத்தின் குறியீடு, நிரல் ஆகியவற்றை ஒரே உறையில் சேமியுங்கள். கட்டத் தரவுகள் புதிய ஆண்டுகளோடும் திருத்தங்களோடும் மீண்டும் வெளியிடப்படுகின்றன. இரண்டு ஆண்டு கழித்து இன்னொருவர் உங்கள் எண்ணை மறுபடி எடுக்க முயலும்போது, அவருக்குக் கிடைக்கும் கோப்பு நீங்கள் பயன்படுத்தியதாக இராது.